சீதன உறுதியும் வெட்டுப்புள்ளியும்

பாசிக்குடா வீதியில் விடியுமுன் இரண்டு வகை வெள்ளைச் சட்டைகளைக் காணலாம். கடல் பக்கம் போகிறவை ஹோட்டல்களில் காலை வேலைக்குப் போகிறவர்களுடையவை. கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வாழைச்சேனைப் பக்கம் போகிறவை பள்ளிக்கூடச் சட்டைகள். அவற்றுள் ஒன்றைச் சில மாதங்களாகப் பார்த்து வந்தேன். ஆறாம் ஆண்டுப் பொடியன். புத்தகப் பை அவன் முதுகைவிட அகலம். டையைக் கட்டாமல் சுருட்டிக் காற்சட்டைப் பைக்குள் வைத்திருப்பான்; பஸ் தன்னாமுனையைத் தாண்டும்போதுதான் அது வெளியே வரும். நகரத்துப் பாடசாலை வாசலில் டை இல்லாமல் இறங்கக்கூடாது, ஊர்ச் சந்தியில் டையோடு நிற்கக் கூச்சம். கிரான் வருமுன்னரே நித்திரையாகிவிடுவான்.

ஊரில் அவனுக்கு ஒரு பட்டம் இருக்கிறது: ‘ஸ்கொலசிப் பாஸ்’. ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சையில் வெட்டுப்புள்ளியைத் தாண்டி, மட்டக்களப்பு நகரத்தில் ஆறாம் ஆண்டுக்கு இடம் எடுத்தவன். அந்தப் பரீட்சையை ஒழிக்க வேண்டும், திருத்த வேண்டும், இருந்தபடியே விட வேண்டும் என்று மூன்று கட்சிகள் இந்த நாட்டில் வெகுகாலமாக வழக்காடுகின்றன. வழக்கு கொழும்பில் நடப்பதால் அங்கே எடுக்கப்படும் சாட்சிகளும் கொழும்புச் சாட்சிகளே. றோயல் கல்லூரிக்கும் விசாகாவுக்கும் போகப் பார்க்கும் பிள்ளையை மனத்தில் வைத்துப் பேசுவதற்கும், கல்குடாச் சந்தியில் பஸ் காத்து நிற்கும் பிள்ளையை வைத்துப் பேசுவதற்கும் இடையில் நிறைய வேறுபாடு உண்டு. இங்கிருந்து பார்த்து ஒரு தீர்ப்புக்கு வர முடியுமா என்பதே என் முயற்சி. ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்: ஒரு காலத்தில் நானும் நகரத்துக்குப் பஸ் ஏறியவன்தான். ஆகவே நான் முற்றிலும் நடுநிலையான நீதிபதி அல்ல.

பத்து வயதுப் பிள்ளை ஒரே நாளில் இரண்டு வினாத்தாள் எழுத வேண்டும். ஒன்று நுண்ணறிவு, மற்றது பாடங்கள். மொத்தம் 200 புள்ளி. 2024 செப்டெம்பர் 15ஆம் திகதிப் பரீட்சைக்கு விண்ணப்பித்தவர்கள் 323,879 பேர். அவர்களில் தமிழ்மொழி மூலம் 79,787 பேர். வெட்டுப்புள்ளியைத் தாண்டியது ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு. மிச்சம் ஐந்து பங்குப் பிள்ளைகளும் பெறுபேறு வந்த அன்று வீட்டில் ஒரு மாதிரியான அமைதியைச் சந்தித்திருப்பார்கள். பரீட்சை கட்டாயமில்லை என்று அரசாங்கமே சொல்லியிருக்கிறது. எழுதாத பிள்ளையை எந்தச் சந்தியிலும் நான் இன்னும் காணவில்லை.

வெட்டுப்புள்ளி என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு காரியங்கள் கிடந்து பெற்றோரைக் குழப்புகின்றன. மாவட்டத்துக்கும் மொழிக்கும் ஏற்ப மாறுவது ஒன்று. அதைத் தாண்டிய ஏழைப் பிள்ளைக்கு மாதாந்தம் ஒரு கொடுப்பனவு. பாடசாலைக்குப் பாடசாலை மாறுவது மற்றது. அதைத் தாண்டினால் அந்தப் பாடசாலையில் ஆறாம் ஆண்டுக்கு ஆசனம். முதலாவதைத் தாண்டி இரண்டாவதில் தடுக்கி விழுந்த பிள்ளைகள் நிறைய. ‘புள்ள பாஸ்தான் சேர், ஆனா இடம் இல்லையாம்’ என்று சொல்லிக்கொண்டு வரும் தாய்க்கு இந்த வேறுபாட்டை விளக்குவது, பரீட்சையில் பாஸ் பண்ணுவதைவிடக் கஷ்டம்.

கொடுப்பனவைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. மாதம் 750 ரூபாவாக இருந்ததை 2025 வரவு செலவுத் திட்டம் 1,500 ஆக்கியது. நல்லது. வாழைச்சேனையிலிருந்து நகரத்துக்கு ஓடும் பள்ளிக்கூட வேனுக்கு அது எந்த மூலைக்கும் காணாது என்பது ஒரு புறம் இருக்கட்டும். வறுமைக்குக் கொடுக்கும் காசை நுண்ணறிவுத் தாளால் அளப்பது எந்த நியாயத்தில் சேரும்? ஒரு புள்ளி குறைந்த தோணிக்காரரின் பிள்ளைக்கு வயிறு ஒரு புள்ளி குறைவாகவா பசிக்கும்? உதவி தேவை பார்த்துப் போக வேண்டும்; மூளையைப் பார்த்து அல்ல. இந்த இடத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சந்தேகம் வருவது ஆசனத்தில்தான். அதற்குப் பழைய கதை கொஞ்சம் வேண்டும்.

பொடியன் நித்திரை கொள்ளும் அதே பஸ் சித்தாண்டி, மாவடிவேம்பு கடந்து வந்தாறுமூலையில் ஒரு பெரிய வாசலைத் தாண்டிப் போகிறது. இன்று அது கிழக்குப் பல்கலைக்கழகம். 1981இல் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1986இல் பல்கலைக்கழகமானது. தொடங்கிய இடம் வந்தாறுமூலை மத்திய மகா வித்தியாலயத்தின் வளவு. 1931 முதல் 1947 வரை கல்வி அமைச்சராக இருந்த கன்னங்கரா நாடெங்கும் திறந்துவைத்த 54 மத்திய பாடசாலைகளின் வரிசையில் வந்தது அந்தப் பாடசாலை. கன்னங்கராவின் யோசனை எளிமையானது. நகரத்துப் பெரிய பள்ளிக்கூடத்துக்கு நிகரான ஒன்றைக் கிராமத்துக்குக் கொண்டுபோய் வைப்பது, விடுதி கட்டுவது, சுற்றுவட்டக் கிராமங்களின் கெட்டிக்கார ஏழைப் பிள்ளைகளைத் தெரிந்தெடுத்து அரச செலவில் அங்கே இருத்திப் படிப்பிப்பது. அந்தத் தெரிவுக்காக 1940களில் வந்ததுதான் ஐந்தாம் ஆண்டுப் பரீட்சை. 1945 ஒக்டோபரில் இலவசக் கல்வி வந்தது. இரண்டு வருடம் கழித்து வந்த தேர்தலில் மத்துகம மக்கள் கன்னங்கராவைத் தோற்கடித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். இலவசமாகக் கிடைத்ததற்கு நன்றி சொல்லும் வழக்கம் நம்மிடம் அன்றைக்கே இருக்கவில்லை.

எங்கள் பக்கத்தில் அந்த மத்திய பாடசாலையின் வளவு பல்கலைக்கழகமாகிவிட்டது. கிழக்குக்குப் பல்கலைக்கழகம் வந்ததைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் கணக்கைக் கணக்காகப் பார்க்க வேண்டும். கிராமத்துப் பிள்ளையைக் கிராமத்து மத்திய பாடசாலைக்குள் விடுவதற்குச் செய்த திறப்பு இன்றும் கையில் இருக்கிறது. பூட்டு வேறு கதவுக்கு மாறிவிட்டது. 1814இல் தொடங்கிய மெதடிஸ்த மத்திய கல்லூரி, 1820இல் தொடங்கிய வின்சென்ட் மகளிர் பாடசாலை, 1873இல் தொடங்கிய புனித மிக்கேல் கல்லூரி, விபுலானந்தரின் பெயரோடு ஒட்டிய கல்லடி உப்போடைச் சிவானந்தா: இன்று கல்குடாப் பக்கத்துத் தாய்மார் கனவு காணும் கதவுகள் இவை. எல்லாம் நகரத்தில், அல்லது நகரத்தின் ஓரத்தில். பத்து வயதுப் பிள்ளை வீட்டை விட்டு முப்பது கிலோமீற்றருக்கு மேல் போக வேண்டும். விடுதியில் நிற்பான், அல்லது பெரியம்மா வீட்டில் நிற்பான், இரண்டும் இல்லாவிட்டால் விடியுமுன் பஸ் ஏறுவான்.

இனிக் குற்றச்சாட்டுகள்.

அடிக்கடி கேட்பது, பரீட்சை பிள்ளைப் பருவத்தைத் தின்கிறது என்பது. உண்மை. எங்கள் ஊரில் அதற்குத் தனியான ஒரு உருவம் இருக்கிறது. பாசிக்குடாவில் கடல் அடங்கி, உல்லாசப் பயணிகள் வந்து குவியும் சீசன் மே தொடங்கிச் செப்டெம்பர் மட்டும். தகப்பன்மாருக்கு நாலு காசு புழங்கும் காலமும் அதுதான். படகு ஓட்டுகிறவருக்கும் ஆட்டோ ஓட்டுகிறவருக்கும் ஹோட்டலில் பாத்திரம் கழுவுகிறவருக்கும் ஒன்றுதான். அந்தக் காசில் ஒரு பங்கு நேரே தனியார் கிளாசுக்குப் போகிறது, ஏனென்றால் பரீட்சையும் பெரும்பாலும் ஓகஸ்ட், செப்டெம்பரில்தான் வரும். நூற்றுக்கணக்கான யார் தூரம் இடுப்பளவு தண்ணீரில் நடந்து போகக்கூடிய கடல் அது. வெளிநாட்டுக்காரர் பிளேன் ஏறி வந்து அதில் நிற்கிறார்கள். அதைக் கல்லெறி தூரத்தில் வைத்துக்கொண்டு ஐந்தாம் ஆண்டுப் பிள்ளை மாதிரி வினாத்தாள் செய்கிறது. ‘ஸ்கொலசிப் முடியட்டும், கடலுக்குப் போகலாம்’ என்பார்கள். முடியும்போது சீசனும் முடிந்துவிடும், கடல் புரளத் தொடங்கும். பரீட்சைக்குச் சில நாள் முன்னர் கிளாசுகளையும் கருத்தரங்குகளையும் பரீட்சைத் திணைக்களம் வருடாவருடம் தடைசெய்கிறது. பிள்ளை கொஞ்சம் மூச்சு விடட்டும் என்று அரசாங்கமே தடைபோட வேண்டிய நிலையில் ஒரு பரீட்சை இருக்கிறது.

ஆனால் அதை ஒழித்தால் பிள்ளைப் பருவம் திரும்பி வருமா? தென்கொரியாவில் ஒருமுறை செய்து பார்த்தார்கள். 1964 டிசம்பரில் சியோல் நகரத்து நடுநிலைப் பாடசாலை நுழைவுப் பரீட்சையில் ஒரு வினா வந்தது: ஒரு வகை இனிப்புக் கிண்டும்போது முளைகட்டிய பார்லிக்குப் பதிலாக எதைச் சேர்க்கலாம்? திணைக்களம் சரியென்று சொன்ன விடை ஒன்று. முள்ளங்கிச் சாறும் சரிதான் என்றார்கள், அந்த ஒரு புள்ளியால் விழுந்த பிள்ளைகளின் தாய்மார். சும்மா சொல்லவில்லை, முள்ளங்கிச் சாறு விட்டு இனிப்பைக் கிண்டி, சட்டியோடு அதிகாரிகளிடம் கொண்டுபோனார்கள். வழக்கு நீதிமன்றம் போய் 1965இல் தாய்மார் வென்றார்கள். 38 பிள்ளைகளுக்கு இடம் கிடைத்தது. இப்படியான கூத்துகள் கூடக்கூட, 1968இல் அந்தப் பரீட்சையையே ஒழிப்பதாக அறிவித்து, அடுத்த வருடம் சியோலில் குலுக்கல் முறையைக் கொண்டுவந்தார்கள். கிளாஸ் ஒழிந்ததா? இல்லை. உயர்நிலைப் பாடசாலைக்கு நகர்ந்தது, பிறகு பல்கலைக்கழக வாசலுக்கு நகர்ந்தது. இன்று உலகத்தில் தனியார் வகுப்புக்குப் பேர்போன நாடு எதுவென்று கேட்டால் தென்கொரியா என்றுதான் சொல்வார்கள். இங்கே 2024இல் மூன்று வினாக்கள் முன்கூட்டியே வெளியான விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போய், பெறுபேறு மறு வருடம் ஜனவரியில் வந்ததை நாம் பார்த்தோம். முள்ளங்கிச் சாறும் மூன்று வினாவும் ஒரே நோய்க்கு வந்த காய்ச்சல். ஒரு புள்ளி ஒரு பிள்ளையின் பாடசாலையைத் தீர்மானிக்குமென்றால் அந்தப் புள்ளி நீதிமன்றம் ஏறத்தான் செய்யும். ஆகவே பிள்ளைப் பருவக் குற்றச்சாட்டை ஏற்கிறேன்; பரீட்சையை ஒழிப்பதே அதற்கு மருந்து என்பதை ஏற்கவில்லை.

அடுத்த குற்றச்சாட்டு வசதி பற்றியது. நுண்ணறிவுத் தாள் என்று பெயர். பயிற்சியால் ஏற்றக்கூடிய அறிவு அது. உருவத் தொடரையும் இலக்கக் கோலத்தையும் ஆயிரம் தரம் செய்த பிள்ளை, நூறு தரம் செய்த பிள்ளையை முந்தும். ஆயிரம் தரம் செய்ய வைப்பது காசு. வாகரைப் பக்கத்தில், பனிச்சங்கேணிக்கு அப்பால், நல்ல கிளாசே இல்லாத இடங்களில் இருக்கும் பிள்ளைக்கு ஓட்டத்தின் தொடக்கக் கோடே பின்னால்தான் போடப்பட்டிருக்கிறது. இதையும் மறுக்க முடியாது.

ஆனால் திறனாய்வில் ஒரு பொருளைத் தனியே வைத்துக் குறை சொல்வது இலகு. எதனோடு ஒப்பிட்டு? அங்கேதான் இந்த வழக்கில் யாரும் கூண்டில் ஏற்றாத ஒரு ஆள் வெளியே நிற்கிறார். அவர் பெயர் முதலாம் ஆண்டு அனுமதிச் சுற்றறிக்கை.

பெரிய பாடசாலைகள் பலவற்றில் வகுப்புகள் முதலாம் ஆண்டிலேயே தொடங்குகின்றன. ஐந்து வயதில் உள்ளே போன பிள்ளை பதின்மூன்றாம் ஆண்டு வரை அங்கேயே படிக்கலாம். ஆறாம் ஆண்டுக்கென்று தனியாக ஒரு பரீட்சையும் பாஸ் பண்ண வேண்டியதில்லை. அதாவது இடைநிலை வகுப்பின் ஆசனங்களில் பெரும் பங்கு, எங்கள் பொடியன் பேனை பிடிக்கப் பழகுமுன்பே போய்விடுகிறது. புலமைப்பரிசில் காரருக்குக் கிடைப்பது மேலதிகமாகத் திறக்கும் வகுப்பும் மிச்சம் மீதியும். அந்த ஐந்து வயது ஆசனத்தை எதை வைத்துக் கொடுக்கிறார்கள்? சுற்றறிக்கை வெகுகாலம் வைத்திருந்த கணக்கு இது: பாதி, கிட்டடியில் வசிப்பவர்களின் பிள்ளைகளுக்கு, கால்வாசி, பழைய மாணவர்களின் பிள்ளைகளுக்கு, மிச்சம், அங்கே ஏற்கனவே படிப்பவர்களின் சகோதரருக்கும் கல்வித்துறை ஊழியர், இடமாற்றம் பெற்ற அரச ஊழியர், வெளிநாட்டிலிருந்து திரும்பியோர் பிள்ளைகளுக்கும். வசிப்பிடத்தை நிரூபிக்க வாக்காளர் பதிவு எத்தனை வருடம், காணி உறுதி யார் பெயரில், வீட்டுக்கும் பாடசாலைக்கும் இடையில் வேறு எத்தனை பாடசாலை என்று பார்த்துப் புள்ளி போடுவார்கள். இடையில் ஒவ்வொரு பாடசாலைக்கும் புள்ளி குறையும்.

இதை மட்டக்களப்புக் கண்ணால் வாசிக்க வேண்டும். இங்கே வீடு பெண்பிள்ளைக்குப் போகிறது. கலியாணத்தோடு உறுதி அவள் பெயருக்கு மாறும், மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து சேர்வான். தாய் வழிக் குடி மரபின் மிக அழகான ஏற்பாடுகளில் ஒன்று அது. பெண்ணுக்கு நிற்க நிலம் கொடுத்த ஏற்பாடு. நகரத்தில் பெரிய பாடசாலைக்குப் பக்கத்து ஒழுங்கையில் தாய்க்குச் சீதனமாக வந்த ஒரு வீடு இருந்தால், அந்த உறுதியோடு பிள்ளையின் பதின்மூன்று வருட ஆசனமும் சேர்ந்தே வருகிறது. தகப்பன் அதே பாடசாலையின் பழைய மாணவர் என்றால் இன்னொரு கதவும் திறக்கும். சீதன உறுதியில் எழுதப்படாத உருப்படி ஆசனம். கல்குடாக் கரையோரத்தில் சுனாமிக்குப் பிறகு இடம்மாறிக் கட்டிய வீட்டுக்காரிக்கோ, யுத்தத்தில் மூன்று தரம் இடம்பெயர்ந்து வந்து அனுமதிப் பத்திரக் காணியில் குந்தியிருக்கும் குடும்பத்துக்கோ, அந்த உருப்படி எந்தத் தலைமுறையிலும் வந்து சேராது. உறுதி கைவசம் இருந்தாலும் அது தூரத்து உறுதி.

இப்போது ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு கதவில் உறுதி கேட்கிறார்கள், இன்னொன்றில் தகப்பன் எங்கே படித்தான் என்று கேட்கிறார்கள். இவை தவிர இடை வகுப்புகளுக்குச் சிபாரிசுக் கடிதத்தோடு போகும் பக்கத்துக் கதவொன்றும் உண்டு. அனுமதிக்குக் காசு வாங்கிய அதிபர்மாரை இலஞ்ச ஊழல் ஆணைக்குழு பிடித்த செய்திகள் பத்திரிகைக்குப் புதிதல்ல. ஐந்தாம் ஆண்டுப் பரீட்சைக் கதவில் மட்டும் சுட்டெண்ணும் வினாத்தாளும். அங்கேயும் காசு வேலை செய்கிறது, ஆனால் சுற்றி வளைத்துத்தான் வேலை செய்ய முடிகிறது. தோணிக்காரரின் மகன் எப்போதாவது அந்தக் கதவால் உள்ளே போயிருக்கிறான், நான் பார்த்திருக்கிறேன். சீதன உறுதிக் கதவால் அவன் போய் நான் பார்த்ததில்லை. வசதிக் குற்றச்சாட்டில் பரீட்சைக்குத் தண்டனை கொடுக்கலாம்; ஆனால் கூட்டாளிகளில் ஆகக் குறைந்த குற்றம் செய்தவனை மட்டும் பிடித்து உள்ளே போட்டு, மற்றவர்களுக்கு மாலை போட்டு அனுப்புவது வழக்கல்ல.

மூன்றாவதுதான் பாசிக்குடாவுக்குச் சுடுகிற குற்றச்சாட்டு. அதைக் கொழும்பில் பேசுவதே இல்லை.

ஒவ்வொரு வருடமும் ஊர்ப் பள்ளிக்கூடத்தின் முதல் இரண்டு மூன்று பிள்ளைகள் பஸ் ஏறிப் போய்விடுகிறார்கள். போவது பிள்ளை மட்டுமல்ல. பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் எழும்பி, ‘விஞ்ஞான டீச்சர் மூணு மாசமா லீவு, பதிலுக்கு ஆர் வாற?’ என்று கேட்கிற தாயும் போய்விடுகிறாள். அவள் இனி நகரத்துப் பாடசாலைக் கூட்டத்தில், அதுவும் பஸ் கிடைத்தால், கடைசி வரிசையில் வாய் திறக்காமல் இருப்பாள். ஊரில் மிஞ்சியவர்கள் கூட்ட அறிக்கையில் ஒப்பம் வைத்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள். பிள்ளைகளின் எண்ணிக்கையை வைத்துத்தான் ஆசிரியர் ஆளணி கணக்கிடப்படுகிறது. எண்ணிக்கை குறைய ஆளணி குறையும். ஆளணி குறைய உயர்தர விஞ்ஞானப் பிரிவு தள்ளாடும். விஞ்ஞானப் பிரிவு தள்ளாடுவதே மறுவருடம் இன்னும் மூன்று பிள்ளைகள் போகக் காரணமாகும். நான் பழகிய ஒரு பாடசாலையில் ஆறாம் ஆண்டு வகுப்பு ஆசிரியை ஒருவர் இதை ஒரே வரியில் சொன்னார்: ‘பாலுல ஆடைய எடுத்துட்டுக் காய்ச்சிப் பார் எண்டு தாறாங்க.’

ஆனாலும் கேட்கத்தான் வேண்டும்: ஆடை எடுப்பது பரீட்சையா, அது வெறும் கரண்டியா? பரீட்சை இல்லாவிட்டாலும் வசதியுள்ளவர்கள் போய்க்கொண்டுதான் இருப்பார்கள். நகரத்தில் வாடகை வீடு எடுப்பார்கள், எடுக்கிறார்கள். பரீட்சை செய்தது, போகிறவர்களின் பட்டியலில் சில ஏழைகளையும் சேர்த்ததுதான். அவர்கள் ஏன் போகிறார்கள் என்பதைத் தேடினால் ஆறாம் ஆண்டில் காரணம் கிடைக்காது. அது பன்னிரண்டாம் ஆண்டில் இருக்கிறது.

பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் நாடளாவிய திறமைக்கு, 55 வீதம் மாவட்ட ஒதுக்கீட்டுக்கு, மிச்சம் 5 வீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. அந்தப் 16இல் மட்டக்களப்பும் ஒன்று. கேட்கும்போது பாசிக்குடாப் பிள்ளைக்குச் சலுகை என்று தோன்றும். கூர்ந்து பார்த்தால் ஒதுக்கீடு மாவட்டம் என்ற எல்லையோடு நின்றுவிடுகிறது. நகரத்தின் நடுவில் இருநூறு வருடப் பழமையான கல்லூரியில் படிப்பவரும், வாகரையில் அரைக் கட்டடத்தில் படிப்பவரும் ஒரே சாக்குக்குள் கிடந்து போட்டி போடுகிறார்கள். ஆகவே மட்டக்களப்பு நகரத்தில் ஒரு ஆசனம் என்பது இரட்டை லாபம்: கொழும்புப் பிள்ளைக்கு இல்லாத பின்தங்கிய மாவட்டச் சலுகை, வாகரைப் பிள்ளைக்கு இல்லாத இரசாயனவியல் ஆசிரியர். ஐந்து வயதில் உறுதியோடு போனவருக்கு இரண்டும் தானாகவே கிடைக்கிறது. பொடியன் விடியுமுன் எழும்புவதும் அந்த இரண்டையும் தேடித்தான். அவனுடைய தாய் கணக்குத் தெரியாதவள் அல்ல.

இதே கல்குடாப் பக்கத்தில் பாடசாலைகள் இல்லாமல் இல்லை. கல்குடா நாமகள், பேத்தாழை விபுலானந்தா, வாழைச்சேனை இந்து எல்லாம் எட்டிய தூரம். ரோட்டைக் கடந்தால் ஓட்டமாவடி மத்திய கல்லூரி. ஆனால் அந்த ரோட்டுக்கு இந்தப் பக்கம் கல்குடா வலயம், அந்தப் பக்கம் மட்டக்களப்பு மத்தி வலயம். மத்தி வலயம் காத்தான்குடி, ஏறாவூர், ஓட்டமாவடி என்று துண்டு துண்டாகக் கிடக்கும் முஸ்லிம் பாடசாலைகளின் வலயம். நோன்பு கால விடுமுறையில் அதன் நாட்காட்டியே வேறு. அந்த வலயம் தனியாக வந்ததற்கு நியாயமான காரணங்கள் உண்டு, யுத்த கால ரத்தமும் அவற்றில் ஒன்று. ஆனால் இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் ஒரே தமிழ்மொழிமூல வினாத்தாளையே எழுதுகிறார்கள். ஒரு பக்கம் பௌதிகவியலுக்கு ஆள் இருந்து மறுபக்கம் இல்லாவிட்டால், உயர்தரப் பிள்ளைகளைப் பின்னேரத்தில் ஒரே வகுப்பில் இருத்த நூறு யார் நடந்தால் போதும். இதை நான் சொன்னபோது இரண்டு பக்கத்திலும் தலையாட்டினார்கள். தலையாட்டல் கோப்பாக மாறவில்லை.

ஹோட்டல்களையும் சொல்ல வேண்டும். 2011க்குப் பிறகு வரிசையாக எழும்பிய நட்சத்திர ஹோட்டல்களின் மதிலுக்கு இப்பால் இருக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் அவற்றுக்கும் கொடுக்கல் வாங்கல் குறைவு. சாதாரண தரத்தில் கணிதம் சறுக்கிய பிள்ளையையும் மேலே தொழிற்பாடங்களோடு படிக்க வைப்பதற்கு 2017இல் 42 பாடசாலைகளில் தொடங்கிய பதின்மூன்று வருட உத்தரவாதக் கல்வித் திட்டம், பாசிக்குடா மாதிரி ஓர் இடத்துக்கென்றே தைத்த சட்டை. தாய்மார் அதைத் திரும்பியும் பார்க்க மாட்டார்கள். ‘தட்டு ஏந்தவா படிக்க வைக்கிற?’ என்பார்கள், தட்டு ஏந்திய காசில் கிளாஸ் பீஸ் கட்டிக்கொண்டே. அவர்களைக் கேலி செய்ய நான் யார்? மேசைக்கு மேசை போகிற வேலையில் எந்தச் சாதி, எந்த ஊர்ப் பிள்ளைகள் நிற்கிறார்கள், மனேஜர் கதிரையில் எங்கிருந்து வந்தவர் இருக்கிறார் என்பதை அவர்கள் தினமும் பார்க்கிறார்கள்.

எனவே என் தீர்ப்பு. கொடுப்பனவு என்ற வேலையிலிருந்து இந்தப் பரீட்சையை உடனே விடுவிக்க வேண்டும். அந்தக் காசு வருமானத்தைப் பார்த்துப் போகட்டும், பிள்ளை 40 எடுத்தாலும் 140 எடுத்தாலும். ஆசனம் என்ற வேலையிலிருந்து இப்போதைக்கு எடுக்கக்கூடாது. இப்போது எடுத்தால் மிஞ்சுவது உறுதியும் பழைய மாணவர் சங்கமும் சிபாரிசுக் கடிதமும்தான். நகரத்துக் கதவில் பாசிக்குடாப் பிள்ளைக்கென்று இருந்த ஒரே இடுக்கும் அடைபட்டுவிடும். பரீட்சையை ஒழிக்கச் சொல்கிறவர்களிடம் நான் ஒரு நிபந்தனை வைப்பேன்: முதலில் பெரிய பாடசாலைகளின் ஆரம்பப் பிரிவுகளைக் கழற்றுங்கள். ஆறாம் ஆண்டில் எல்லா ஆசனங்களும் ஒன்றாகத் திறக்கட்டும், சீதன வீட்டுப் பிள்ளையும் தோணிக்காரர் பிள்ளையும் ஒரே வரிசையில் வரட்டும். அதன் பிறகு அந்த வரிசையைப் பரீட்சையால் பிரிப்பதா, கொரியா மாதிரிக் குலுக்கலால் பிரிப்பதா என்று பேசலாம். இந்த நிபந்தனைக்குச் சம்மதிக்கிற ஒரு நகரத்துப் பழைய மாணவர் சங்கத்தை நான் இன்னும் சந்திக்கவில்லை. பரீட்சை கொடூரம் என்று மேடையில் உருகிப் பேசுகிறவர்களில் சிலர் அதே சங்கங்களின் ஆட்கள்.

இந்தத் தீர்ப்பில் ஒரு பலவீனம் உண்டு. ஆசனத்தைப் பங்கிடும் விதத்தைத்தான் அது பேசுகிறது. ஆசனம் நகரத்திலேயே இருப்பதைப் பேசவில்லை. கன்னங்கரா செய்தது பங்கீடு அல்ல. கட்டடத்தையும் ஆசிரியரையும் பிள்ளை இருக்கிற பக்கம் நகர்த்தினார். எங்கள் கோறளைப்பற்றில் ஏதாவது ஒரு பாடசாலையில், எந்த வலயம் என்று பார்க்காமல், உயர்தர விஞ்ஞானப் பாடங்கள் அத்தனைக்கும் ஐந்து வருடம் இடமாற்றம் கேட்கமாட்டேன் என்று ஒப்பமிட்ட ஆசிரியர்கள் இருந்தால், விடியுமுன் பஸ்சில் வெள்ளைச் சட்டை குறையும். அது நடக்கும்வரை பரீட்சை இருக்கட்டும் என்பது, நோய் தீரும்வரை ஊன்றுகோல் இருக்கட்டும் என்பது போன்றது. நோய்க்கு மருந்து எழுதுகிறவர் யாரென்று கேட்டால், தேசியப் பாடசாலை என்றால் கொழும்பைக் காட்டுவார்கள், மற்றது என்றால் திருகோணமலையில் மாகாணத் திணைக்களத்தைக் காட்டுவார்கள்.

போன கிழமை அந்தப் பொடியனின் தாய் வீட்டுக்கு வந்தாள். இப்போது ஐந்தாம் ஆண்டில் இருப்பது அவனுடைய தங்கச்சி. விரும்பும் பாடசாலைகளை வரிசைப்படுத்த வேண்டி வந்தால் எதை முதலாவதாகப் போடுவது என்று கேட்டாள். கையில் கடுதாசி ஒன்றும் இல்லை, பரீட்சையே இன்னும் வரவில்லை. ஆனால் கேள்வி ஆயத்தமாக இருந்தது.

நான் நினைத்துக்கொண்டிருந்ததைச் சொன்னேன். பெண்பிள்ளை, விடியுமுன் இருட்டில் சந்தியில் நிற்க வேண்டும், நகரத்தில் நிற்க வைக்கச் சொந்தக்காரர் வீடும் இல்லை. வாழைச்சேனையில் போடுங்க, பதினோராம் ஆண்டு மட்டும் இஞ்ச படிக்கட்டும், அங்கேயும் கெட்டிக்காரப் பிள்ளைகள் வந்திருக்கிறார்கள்.

அவள் தலையாட்டினாள். தேத்தண்ணியைக் குடித்து முடித்துக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

‘சரி சேர். மறுகா ஏ.எல்லுக்குக் கெமிஸ்ட்ரி ஆர் படிப்பிக்கிற?’